தோட்ட விதைகள்: மளிகைக் கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆடி மாதம் பிறப்பதற்குப் பத்து நாள் முன்னதாகவே "கீரை விதை இருக்குங்களா, வெண்டை விதை இருக்குங்களா" என்று கேட்டு நம் கடைகளுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். சாரத்தில் காமராஜர் சாலையை ஒட்டிக் கடை வைத்திருக்கும் நமக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள். ஒருவர், மாடியில் பத்துத் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர். மற்றவர், வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து வேறு வேலையாக டவுனுக்கு வந்து, போகிற போக்கில் அரைக்காணிக்கு விதை வாங்கிப் போகும் விவசாயி. இருவருக்கும் நாம் ஒரே டப்பாவிலிருந்து ஒரே பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.

சோப்பு, சீயக்காய், தீப்பெட்டி விற்பதைப் போல விதையையும் விற்றுவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலையில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது நினைவிருக்கும். என் கடையில் ஓடு பறந்து, பரண் முழுவதும் ஈரம். மின்சாரம் வர நாள் கணக்கில் ஆயிற்று. பரண் மேல் வைத்திருந்த விதைப் பாக்கெட்டுகளில் சில நனைந்திருந்தன, பல வெறுமனே பிசுபிசுத்திருந்தன. நனைந்ததை எறிந்துவிட்டு, மற்றவற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மீண்டும் மாட்டிவிட்டேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

புயலில் தோட்டம் அழிந்தவர்கள் எல்லாம் தைப்பட்டத்துக்கு விதை தேடி வந்தார்கள். பொங்கலுக்குள் அத்தனையும் விற்றுப்போயிற்று. பிப்ரவரி பாதியில் பாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். வெண்டை விதை வாங்கிப் போனவர். நாலு பாத்தியில் ஊன்றியதில் ஒரு பாத்தி அளவுகூடத் தேறவில்லை என்றார். சண்டை போடவில்லை. நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "விதைக்குக் கொடுத்த காசைக் கொடுத்துட்டே தம்பி. தைப்பட்டத்தை யாரு கொடுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவே மிச்சமிருந்த வெண்டைப் பாக்கெட்டுகளைப் பிரித்து ஈரத்துணியில் முளை கட்டிப் பார்த்தேன். காகிதப் பாக்கெட் விதையில் நூற்றுக்கு இருபத்தாறு முளைத்தது. அதே பரணில் இருந்த அலுமினியத் தாள் பாக்கெட் விதையில் எழுபதுக்கு மேல் முளைத்தது. கம்பெனி மேல் குற்றம் சொல்ல வழியில்லை. விதை கெட்டது என் பரணில். பாக்கெட்டின் மேல் அச்சடித்திருக்கும் முளைப்புத்திறன், அதைப் பரிசோதித்த நாளின் கணக்கு. அதற்குப் பிறகு நம் கடையில் இருக்கும் மாதங்களுக்கு நாம்தான் பொறுப்பு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

விதையின் வகையும் பெயரும்

முதலில், வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்வி: "இது நாட்டு விதையா, ஹைபிரிட்டா?" இதற்கு நாம் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

நாட்டு விதை என்பது ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாக விவசாயிகளே எடுத்து வைத்து விதைத்து வருவது. ரகம் என்பது அப்படிப்பட்டவற்றிலிருந்தோ, ஒட்டுச் சேர்த்தோ ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்தி வெளியிடுவது. இந்த இரண்டிலிருந்தும் விவசாயி மறு வருடத்துக்கு விதை எடுக்கலாம். ஹைபிரிட் எனப்படும் வீரிய ஒட்டு விதை, தேர்ந்தெடுத்த இரண்டு பெற்றோரை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒட்டுச் சேர்த்து எடுப்பது. "ஹைபிரிட்டில் எடுத்த விதை முளைக்காது" என்று கடைக்காரர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. முளைக்கும். ஆனால் தாயைப் போல இராது. ஒரு செடி உயரமாக, ஒன்று குட்டையாக, காய் ஒன்றுக்கொன்று மாறிமாறி வரும். ஆகவே ஹைபிரிட் வாங்குபவரிடம், அடுத்த பட்டத்துக்கும் பாக்கெட்தான் வாங்க வேண்டும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டு பாக்கெட் கூடுதலாக விற்பதற்காக அல்ல, பின்னால் வம்பு வராமலிருக்க.

சிலர் ஹைபிரிட் என்றாலே மரபணு மாற்றிய விதை என்று பயப்படுகிறார்கள். இரண்டும் வேறு. மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தடை வைத்தது. நம் நாட்டில் விற்பனைக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றிய காய்கறி விதை எதுவும் இல்லை. இதை நாம் தைரியமாகச் சொல்லலாம்.

பாக்கெட்டில் உள்ள ரகப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது கஷ்டமல்ல. கோ என்றால் கோயம்புத்தூர், பி.கே.எம். என்றால் பெரியகுளம், எம்.டி.யு. என்றால் மதுரை. பி.எல்.ஆர். என்றால் பாலூர், நம் பக்கத்துக் கடலூர் மாவட்டத்துக் காய்கறி ஆராய்ச்சி நிலையம். பி.எல்.ஆர். 1 கத்தரி அங்கு வந்ததுதான். நம்மைப் போன்றே கடலோர மண்ணும் காற்றும் உள்ள இடம் என்பதால், பி.எல்.ஆர். என்று பெயர் கண்டால் நான் இரண்டு பாக்கெட் கூடுதலாக எடுப்பேன். அர்கா என்று தொடங்கினால் பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடு. நரம்பு மஞ்சளித்துப் போகும் நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா வெண்டை எல்லோருக்கும் தெரிந்தது. பூசா என்பது டெல்லி. அந்த ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்தது, 1934 பூகம்பத்துக்குப் பிறகு டெல்லிக்கு மாறியது. ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லை.

டெல்லியில் நன்றாக வரும் என்பதற்காக இங்கும் வரும் என்று சொல்ல முடியாது. கேரட், முட்டைகோஸ், காலிபிளவர் போன்ற இங்கிலீஷ் காய்கறிகளில் குளிருக்கென்று ஒரு ரகம், வெப்பம் தாங்க ஒரு ரகம் என்று உண்டு. குளிர் ரகக் காலிபிளவர் புதுவை வெயிலில் இலை விட்டு நிற்குமே தவிர, பூக்கட்டாது. வண்ணப் படத்தைப் பார்த்து மாடித்தோட்டக்காரர் ஆசைப்படுவார். கம்பெனி ஆளும் "நல்லாப் போகும் அண்ணே" என்பார். வாங்கி மாட்டுவதற்கு முன் சமவெளிக்கு ஏற்ற ரகமா என்று கேளுங்கள். முள்ளங்கியிலும் இதே கதை.

அவரை விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பந்தல் அவரை, பகல் குறுகி இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும். புதுவையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் அந்தக் கொடிக்கு அது தெரிகிறது. ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே விதையை மாசியில் ஊன்றினால் பந்தல் முழுக்கப் பச்சையாகப் படர்ந்து, மாதக்கணக்கில் ஒரு பூ இராது. வாங்கியவர், "விதை மோசம்" என்று கடைக்கு வருவார். விதையில் ஒரு குறையும் இல்லை, விற்ற மாதம் தவறு. பந்தல் தேவைப்படாத குத்தவரையில் பகல் நீளம் பாராமல் பூக்கும் ரகங்கள் இருக்கின்றன. மாசியில் அவரை கேட்பவருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பந்தல் அவரை டப்பாவைத் தை பிறந்ததும் முன் வரிசையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

முருங்கையிலும் ஒரு வார்த்தை. மரமுருங்கையைப் போத்து வெட்டி நடுவார்கள். செடிமுருங்கைதான் விதையில் வருவது, பி.கே.எம். 1 அப்படிப்பட்டது. அதன் விதை நெடுநாள் தாங்காது. போன வருட மிச்சத்தை விற்க வேண்டாம்.

எடையும் எண்ணிக்கையும்

"பத்து கிராம் வெண்டை இந்த விலை, ஒரு கிராம் தக்காளிக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்கு எண்ணிக்கையில் பதில் சொல்லுங்கள். ஒரு கிராம் தக்காளியில் சுமார் 300 விதை இருக்கும். கத்தரியில் 200-க்கு மேல். வெண்டையில் பதினைந்து, பதினாறுதான். கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு ஐந்து கிராம் கீரை விதை கொடுப்பது அவருக்கு நஷ்டம். மிச்சத்தை அடுத்த வருடம் போட்டு, முளைக்கவில்லை என்று நம்மிடம்தான் வருவார்.

பீட்ரூட், பாலக்கீரை பாக்கெட்டில் இருப்பது தனி விதை அல்ல, பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்று ஊன்றினால் இரண்டு மூன்று முளைக்கும், கலைத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் வாடிக்கையாளர் மறக்க மாட்டார். பாகல், புடலை விதைகளின் ஓடு கெட்டி. ஒரு இரவு ஊறவைத்து ஊன்றச் சொல்லுங்கள்.

தனியா, வெந்தயம், கசகசா

மளிகைக் கடைக்காரர்களான நமக்கே உரிய சிக்கல் இது. "ஐந்து ரூபாய்க்குத் தனியா கொடுங்க, கொத்தமல்லிக்கு விதைக்கணும்" என்பார்கள். மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். சில சமயம் முளைக்கும், சில சமயம் முளைக்காது.

நம் மூட்டைத் தனியா பெரும்பாலும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேச மண்டிகளிலிருந்து வருவது. ஈகிள், ஸ்கூட்டர், பாதாமி என்று நாம் சொல்லும் தரமெல்லாம் நிறத்தையும் உடைசலையும் பார்த்து வைத்தவை. முளைப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நிறத்துக்காகக் கந்தகப் புகை காட்டிய சரக்கும் சந்தையில் உண்டு. எத்தனை வருடத்துச் சரக்கு என்பதும் நமக்குத் தெரியாது. எனவே மளிகைத் தனியாவைக் கொடுப்பதானால், "இது சமையல் சரக்கு, முளைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக் கொடுங்கள். தொட்டியில் போட்டுப் பார்க்கட்டும், தப்பில்லை. முழுதாகப் போடாமல் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தனியாவிலும் இரண்டு விதை உண்டு. பாத்தி கட்டி விதைக்கும் விவசாயிக்கு மட்டும் மூட்டைத் தனியா வேண்டாம், விதைப் பாக்கெட்தான்.

வெந்தயம், கடுகு சாதாரணமாக முளைத்துவிடும். முழுப்பயறும் முளைக்கும். உடைத்த பருப்பு முளைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் துவரம்பருப்பை விதைக்கக் கேட்டவர் உண்டு. கசகசாவை விதைக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள். அது அபினிச் செடியின் விதை. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இன்றி அதைப் பயிரிடுவது குற்றம்.

வரியிலும் வித்தியாசம் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே, விதைத் தரமுள்ள தனியாவுக்கு வரி இல்லை, சமையல் தனியாவுக்கு 5 சதவீதம் என்று பிரித்துவிட்டார்கள். விதைப்பதற்கான காய்கறி விதைகளுக்கும் வரி இல்லை. பில் போடும்போது இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிட்டால் கணக்காளர்தான் பிறகு தலையைச் சொறிய வேண்டும்.

சாயம் பூசிய விதை

இதுவரை சொன்னது நஷ்டம் பற்றி. இது உயிர் பற்றி. சில கம்பெனி விதைகள் சிவப்பாகவோ, நீலமாகவோ, பச்சையாகவோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சாணத்துக்கும் பூச்சிக்கும் மருந்து கலந்து விதை நேர்த்தி செய்தவை அவை. சாயம் எச்சரிக்கைக்காகப் பூசுவது. விதைச் சட்டத்தின் விதிகளின்படி, மருந்து கலந்திருப்பதை லேபிளில் சொல்ல வேண்டும், உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

1971-72-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஈராக் நாட்டில் நடந்ததை நம் எல்லாருமே அறிந்திருக்க வேண்டும். மெக்சிகோவிலிருந்து வாங்கிய விதைக் கோதுமை அது. பாதரச மருந்து கலந்து சாயம் பூசியிருந்தது. விவசாயிகள் கைக்கு வந்தபோது விதைப்புக் காலம் முடிந்திருந்தது. சாக்கின் மேலிருந்த எச்சரிக்கை அவர்களுக்குப் படிக்கத் தெரியாத ஸ்பானிஷ், ஆங்கில மொழிகளில் இருந்தது. சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போய்விடும் என்று நினைத்தார்கள். சாயம் போயிற்று, பாதரசம் போகவில்லை. ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்களில் 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், 459 பேர் அங்கேயே இறந்தார்கள்.

நம் கடையில் மருந்து கலந்த வெண்டை, மக்காச்சோள விதைப் பாக்கெட்டுகள் எங்கே தொங்குகின்றன என்று இன்றே பாருங்கள். பயறு டப்பாவுக்கு மேலா? குழந்தைகள் மிட்டாய் எடுக்கும் உயரத்திலா? பாக்கெட் கிழிந்து கீழே சிந்தினால் எந்தச் சரக்கில் விழும்? காலாவதியான மருந்து விதையைக் கோழிக்குப் போடச் சொல்லிக் கொடுப்பதும் நம்மில் நடக்கிறது. கூடவே கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

கடையில் எப்படி வைப்பது?

விதைக்கு எதிரி இரண்டு: ஈரமும் சூடும். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை விஞ்ஞானி எளிய கணக்கு ஒன்று சொன்னார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. இதை மாற்றிப் படித்தால் நம் கதை புரியும். காகிதப் பாக்கெட் விதை காற்றின் ஈரத்தைக் குடித்து இரண்டு சதவீதம் ஏறினால், ஆயுள் கால்வாசியாகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெப்பத்தைப் பாரன்ஹீட்டிலும் காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டினால் நூறுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நம் கடைக்குள் 86 டிகிரியும் 75 சதவீதமும் இருந்தால் கூட்டுத்தொகை 161. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். கடற்கரை ஊரில் கடை வைத்துக்கொண்டு விதையைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது போதும். குத்திய ஓட்டை ஒன்றே போதும், அலுமினியத் தாள் பாக்கெட்டும் காகிதப் பாக்கெட் ஆகிவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். மாதிரிக்கு ஒரு காலிப் பாக்கெட்டைத் தொங்கவிடுகிறேன். சரக்கு அகல வாய்ப் பாட்டில்களில், இறுக்கிய மூடிக்குள், அடியில் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் இருக்கிறது. சிலிகா ஜெல் கிடைக்காதவர்கள் அரிசியை வாணலியில் நன்றாகச் சூடுகாட்டி, ஆறியபின் துணியில் முடிந்து போடலாம், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பாட்டில்கள் தரையை ஒட்டிய நிழலான அலமாரியில். பரண் மேல் வைப்பதில்லை, தகரக் கூரைக்கடியில் வைப்பதே இல்லை. உப்பு மூட்டைக்கும் உரத்துக்கும் பக்கத்திலும் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. கடையில் பிரிஜ் இருந்தால் அதிலும் வைக்கலாம். ஆனால் காற்றுப் புகாத பாட்டிலுக்குள் இருக்க வேண்டும், வெளியே எடுத்தவுடன் திறக்கக் கூடாது, சில்லிப்பு அடங்கிய பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விதை மேல் வியர்த்துவிடும்.

எல்லா விதையும் ஒரே காலம் தாங்காது. வெங்காய விதை சீக்கிரம் போய்விடும், ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. மிளகாயும் வெண்டையும் அதற்கு அடுத்தபடி. தக்காளி, கத்தரி கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பூசணி, சுரை, வெள்ளரி இனங்கள் நன்றாக உலர்ந்திருந்தால் எல்லாவற்றையும்விட நீடிக்கும். ஆகவே கொள்முதலில் வெங்காயமும் வெண்டையும் பட்டத்துக்குப் பட்டம் அளவாக எடுக்க வேண்டியவை. காராமணி, அவரையில் வண்டு வரும். அது வயலிலேயே உள்ளே புகுந்து வருவது. ஒரு பாக்கெட்டில் ஓட்டை கண்டால் அந்தப் பாட்டில் முழுவதையும் சோதியுங்கள்.

சந்தேகம் வந்தால் முளைப்புச் சோதனை செய்துவிடுங்கள். நூறு விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். முள்ளங்கி, காராமணி ஒரு வாரத்தில் கணக்குச் சொல்லும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14 நாள் பொறுக்க வேண்டும். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன்: தக்காளி, கத்தரி 70 சதவீதம், வெண்டை 65, மிளகாய் 60, பாகல், சுரை, புடலை, பீர்க்கு 60, காராமணி 75. இதற்குக் கீழே வந்தால் அந்தச் சரக்கை விற்காதீர்கள். விலையைக் குறைத்தும் விற்காதீர்கள்.

லேபிளும் லைசென்சும்

விதையின் தரத்தை அட்டையின் நிறம் சொல்லும். வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். இவை பெரிய பைகளில் வருபவை. நாம் விற்கும் சிறு பாக்கெட்டுகள் பெரும்பாலும் உண்மைநிலை விதை எனப்படுபவை, அவற்றின் அட்டை இளம்பச்சை. அரசுச் சான்று பெற்றதல்ல, உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்று அச்சடித்தது என்று பொருள். பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், தூய்மை, பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, இவை இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். சான்று விதை, பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். மறு பரிசோதனையில் தேறினால் மேலும் ஆறு மாதம்.

பெரிய பாக்கெட்டைப் பிரித்து, ஐந்து ரூபாய்க்குக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பழக்கம் நம் பகுதியில் நிறைய உண்டு. மடித்த நிமிடத்தில் அந்த விதைக்குப் பெயரும் போயிற்று, தேதியும் போயிற்று. 1966-ம் ஆண்டு விதைச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட ரகங்களை லேபிள் இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையிலும் அது ஆபத்து. புகார் வந்தால் கம்பெனி கைகழுவிவிடும், நிற்பது நாம்தான். கம்பெனியே போடும் சிறு பாக்கெட்டுகளை வாங்கி விற்பதுதான் சரி.

1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, காய்கறி, பழ விதைகளை விற்க உரிமம் வேண்டும். "நாலு பாக்கெட் மாட்டியிருக்கிறேன், அதற்கு என்ன லைசென்ஸ்" என்று கேட்பவர்கள் உண்டு. ஆணையில் நாலு பாக்கெட்டுக்கு விலக்கு இல்லை. உரிமத்துக்கு நம் வேளாண் துறையை அணுக வேண்டும். இருப்பும் விலையும் எழுதிய பலகை வைக்க வேண்டும், வாங்குபவருக்குப் பில் கொடுக்க வேண்டும், மாதாந்திரக் கணக்கு அனுப்ப வேண்டும். விதை ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்தால் பதற்றப்பட வேண்டியதில்லை. மூன்று பங்காக எடுத்து முத்திரையிட்டு, ஒன்றை நம்மிடமே கொடுப்பார். அதைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் வழக்கு என்று வந்தால் நமக்கு உதவும்.

விவசாயிக்கு இருக்கும் உரிமையையும் தெரிந்துகொள்வோம். ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்குகளில் 2012-ம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயி, சோதனைக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. என் பரண் வெண்டைக்காக அந்தப் பெரியவர் வழக்குப் போட்டிருந்தால், எனக்கு வாதாட ஒன்றும் இருந்திராது. அது மட்டுமல்ல, 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தான் விளைவித்த விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், பிராண்ட் பெயர் இல்லாமல் விற்கவும் உரிமை கொடுத்திருக்கிறது. நாட்டு விதை விற்கும் விவசாயியைப் போட்டிக்காரராகப் பார்ப்பது சரியல்ல. எந்த விதை எந்த மண்ணில் வந்தது என்று அவரிடம் கேட்டால் நமக்கே நிறையத் தெரியவரும்.

விதை பற்றிய சந்தேகங்களுக்குக் கிராமங்களில் உழவர் உதவியகங்கள் இருக்கின்றன. குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது நம் புதுவையில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சி நடக்கும்போது குடும்பத்தோடு போய் வருகிறோம். அடுத்த தடவை போகும்போது, எந்த ரகம் இங்கே எப்படிக் காய்த்திருக்கிறது என்று பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஆடிக்கு முன் செய்ய வேண்டியது

ஆனி கடைசி வாரத்தில் ஒருநாள் இரவு கடை சாத்தியபின், விதை டப்பாவைக் கவிழ்த்து எல்லாப் பாக்கெட்டையும் தேதிப்படி அடுக்குங்கள். தேதி கடந்ததை எடுத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குள் கடக்கப் போவதைத் தனியே வைத்து, மொத்த வியாபாரியிடம் மாற்றிக் கேளுங்கள். "ரிட்டர்ன் எடுப்பீர்களா" என்பதை வாங்கும்போதே பேசி, பில்லிலேயே எழுதி வாங்கிவிட்டால் இந்த இடத்தில் வாய்ச்சண்டை வராது. மொத்த வியாபாரிகளான நம் உறுப்பினர்களும் இதற்கு இணங்க வேண்டும். பழைய சரக்கைச் சில்லறைக் கடைக்காரர் தலையில் கட்டினால், அது விவசாயி தலையில்தான் போய் முடியும்.

விதைக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வந்த தேதி, கம்பெனி, ரகம், குவியல் எண், காலாவதி, யாருக்குக் கொடுத்தோம். கடைசிப் பத்தியை மட்டும் பலர் எழுதுவதில்லை. பாகூர்ப் பெரியவர் வந்த அன்று, அதே குவியலில் வேறு யார் யார் வாங்கினார்கள் என்று தேட என்னிடம் நோட்டு இல்லை. ஞாபகத்தில் இருந்த மூன்று பேருக்கு ஆள் அனுப்பினேன். மற்றவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.